அர்மிந்துவும் மறுசோறும்

பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்தால் எனக்கு இன்றைக்கும் சின்னப்பிள்ளைச் சந்தோஷம். அன்றும் அதில்தான் இருந்தேன். கவுன்சில் அலுவலகத்தில் அரைநாள் வேலையை முடித்துக்கொண்டு, மடியில் வெண்டிக்காய்ப் பையை வைத்தபடி மனோர் பார்க் பக்கம் வந்துகொண்டிருந்தேன். ஐப்பசிக் குளிர். வன்ஸ்டெட் வெளியில் புல்லெல்லாம் நனைந்து கிடந்தது.

வெளியின் ஓரமாக ஒரு ஆள் ஓடிக்கொண்டிருந்தான். அங்கே ஓடுகிறவர்கள் எப்போதும் உண்டு. ஆனால் இந்த ஆள் மேற்சட்டைக்குள்ளே ஒரு கறுப்புக் குப்பைப் பையை மாட்டியிருந்தான். கழுத்தடியிலும் இடுப்படியிலும் பை துருத்திக்கொண்டு காற்றில் படபடத்தது. எனக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண்கள் அதைக் கண்டு சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் இருந்தேன். பஸ் அவனைத் தாண்டும்போது முகம் தெரிந்தது. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிற அர்மிந்து.

குசினியில் குப்பைப் பைகள் குறைந்துகொண்டு வந்ததை நான் கவனித்துத்தான் இருந்தேன். அதற்காக இவரை ஏசியும் இருந்தேன். 'இவர்' என்றால் என் கணவர். இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இடையில் வந்து சேர்ந்தவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

மணியை அடித்துவிட்டு அடுத்த தரிப்பில் இறங்கினேன். அவனிடம் நான் நடந்து போய்ச் சேருவதற்குள் அவன் எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மாடி அறை

எங்கள் மாடி அறை ஒருநாளும் சும்மா கிடந்ததில்லை. எண்பதுகளில் ஊரிலிருந்து வந்திறங்கிய பொடியன்கள் மாறி மாறி அதில் இருந்தார்கள். ஒருவனுக்கு அகதிக் கேஸ் சரிவந்து அவன் போக, அடுத்தவன் பையோடு வந்து நிற்பான். தொண்ணூறுகளில் அந்த வரத்துக் குறைந்தது. பழைய பொடியன்களும் கல்யாணம் கட்டி, இல்ஃபோர்ட் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். அறை வெறுமையாகக் கிடப்பது இவருக்குப் பொறுக்கவில்லை.

பெற்றோல் ஸ்ரேசனில் இவரோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் அப்போது ஒரு செய்தி சொன்னார். பக்கத்தில் உள்ள சின்ன உதைபந்தாட்டக் கழகம் ஒன்று, வெளியிலிருந்து வருகிற ஆட்டக்காரர்களைக் குடும்பங்களோடு தங்கவைக்கிறதாம். அறையும் சாப்பாடும் வீட்டுக்காரர் பொறுப்பு, வாடகை கழகத்தின் பொறுப்பு. வழக்கமாகப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைத்தான் அப்படி விடுவார்களாம். இவர் உடனே பெயர் கொடுத்துவிட்டு வந்தார். என்னிடம் பிறகுதான் கேட்டார்.

ஊரில் இவர் வடமராட்சிக் கழகம் ஒன்றுக்கு நடுவில் நின்று ஆடியவர். அதைப் பற்றி நான் முன்பே இங்கு எழுதி, இவரிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன். தன்னைப்போல நடுவில் ஆடுகிற ஒருவன் வருகிறான் என்று கேள்விப்பட்டதும் அறைக்குப் புதுப் பூச்சு அடித்தார்.

வந்தது பதினேழு வயதுப் பிள்ளை அல்ல. முப்பதைத் தாண்டி, முன்னந்தலை மெல்ல வெளிக்கத் தொடங்கிய ஒரு போர்த்துக்கல்காரன். ஒரு மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் ஒரு சீசனுக்கு ஒப்பந்தம், இல்லாவிட்டால் கைகொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

முதல்நாள் வாசலில் நின்றவனிடம் இவர், "சப்பாத்தை அங்கை வையும் தம்பி" என்று தமிழில் சொல்லிவிட்டார். அர்மிந்து திகைத்துப் போனான். அவன் ஊரிலும் அது சப்பாத்துத்தானாம். பிறகு இரண்டு பேரும் வீடு முழுக்கச் சுற்றி மேசை, சாவி, துவாய், யன்னல், அலுமாரி, குசினி, பாண் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள். ஒருகாலத்தில் ஊரை ஆண்டு எங்கள் கோயில்களை இடித்த போர்த்துக்கேயர் சாவியையும் துவாயையுமாவது விட்டுப் போனார்களே என்று நான் சொன்னேன். இவர் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

முதல் கிழமை நான் 'அவர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் எங்களை அண்ணை, அக்கா என்று கூப்பிடத் தொடங்கியதும் 'அவன்' ஆகிவிட்டான்.

சாப்பாட்டு மேசை

வீட்டில் சமையல் பெரும்பாலும் இவர்தான். ஷிப்ட் இல்லாத நாளில் காலையிலேயே மீன் கடைக்குப் போய்விடுவார். முதல்நாள் கணவாய்க் கறி வைத்தார். அர்மிந்து மீனவர் வீட்டுப் பிள்ளை. ஒரு வாய் எடுத்து வைத்தவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு யன்னல் பக்கம் பார்த்தான். கண் கலங்கியது உறைப்பால் என்று நான் நினைத்தேன். உறைப்பு இல்லை என்று தலையை ஆட்டினான்.

அவன் கதைகளெல்லாம் அந்த மேசையில் கேட்டவைதான். அவனுடைய உடைந்த இங்கிலீஷை நான் தமிழில் எழுதுகிறேன். தகப்பனுக்கு மத்திப் படகு. கடற்கரை மணலில் ஆடிப் பழகியவனை ஒருநாள் லிஸ்பனிலிருந்து வந்த ஒருவர் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பெரிய கழகம், பெரிய மைதானம். ஒரு சீசன் முழுக்கச் சனம் அவன் பெயரைப் பாட்டாகப் பாடியதாம். பாடிக் காட்டச் சொல்லி இவர் கேட்டார். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு மேசையில் தாளம் மட்டும் போட்டான்.

பிறகு ஸ்பெயின். அங்கே மத்தியானத் தூக்கம் பழகிக்கொண்டான். பிரான்ஸில் பாதி நாள் ஆட இறக்காமல் மைதான ஓரத்து வாங்கில் இருத்திவைத்தார்கள். "எந்த நாட்டு வாங்கு நல்லது எண்டு என்னைக் கேளுங்கள்" என்பான். சுவிஸில் பனி கொட்டும்போது வெள்ளைப் பந்து தெரியாது என்று செம்மஞ்சள் பந்து கொண்டு வருவார்களாம். பெல்ஜியத்தில் மழை, கணுக்காலில் அறுவை, மறுபடி மழை. இப்போது லண்டன்.

இனி ஏன் கஷ்டப்படுகிறாய், ஊரோடு போய் இருக்கலாமே என்று நான் ஒருநாள் கேட்டேன். மைத்துனனின் படகில் இடம் இருக்கிறது, போகலாம் என்றான். ஆனால் இன்னும் ஒரு சீசன் ஆட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் மற்றவர்கள்தான் அவனை நிறுத்தினார்கள். ஒரு தரமாவது தானாக நிறுத்த வேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே சாப்பிடுவான். முடிந்ததும் ஒரு பாண் துண்டால் தட்டைச் சுற்றித் துடைத்து வாயில் போடுவான். தட்டு கழுவி வைத்ததுபோல இருக்கும். தட்டில் மிச்சம் விட்டால் சமைத்தவரை அவமதித்ததாகிவிடும் என்று தாய் பழக்கிய பழக்கம்.

எங்கள் வீட்டில் வெறுந்தட்டு கண்ணில் பட்டால் இவருடைய கை தானாக அகப்பைக்குப் போகும். விருந்தாளியின் தட்டு காய்ந்திருந்தால் வீட்டுக்காரனுக்கு வெட்கம். அவன் துடைப்பான், இவர் போடுவார். போட்டதை விட முடியாமல் அவன் மறுபடி சாப்பிட்டுத் துடைப்பான். இவர் மறுபடி போடுவார். இரண்டு நல்ல பழக்கங்களுக்கு நடுவில் அந்த மனிதன் மாட்டிக்கொண்டதை நாங்கள் ஒருவரும் காணவில்லை. எனக்கு அது பார்க்க அழகாகக்கூட இருந்தது.

இவருடைய இந்தக் குணத்துக்கு ஒரு காரணம் உண்டு. இவர் லண்டனுக்கு வந்த புதிதில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் வீட்டில் இருந்தார். அந்த அம்மா ஒரு தரம் சோறு போட்டுவிட்டுப் பானையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவாராம். மறுசோறு கேட்க வெட்கம். அந்தக் குளிர்காலம் முழுக்க அரைவயிற்றோடுதான் படுத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் இதை எனக்குச் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு இவர் வீட்டில் எவரும் மறுசோறு கேட்க வேண்டி வந்ததில்லை.

வெளியில் நின்று சொன்னது

சரி, வன்ஸ்டெட் வெளிக்கு வருவோம். என்னைக் கண்டதும் அர்மிந்து நின்றுவிட்டான். மூச்சு வாங்கியது. பை சரசரத்தது. பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளைபோல இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

பயிற்சி முடிந்த பிறகும் ஏன் ஓடுகிறாய் என்று கேட்டேன். புல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னான். வெள்ளிக்கிழமைகளில் கழகத்தில் எல்லோரையும் தராசில் ஏற்றுவார்கள். ஏறுகிற ஒவ்வொரு வெள்ளியும் அவன் நிறை முன்னைவிடக் கூடிக்கொண்டு போயிருக்கிறது. அவன் பயிற்சியாளரை 'மிஸ்டர்' என்றுதான் சொல்வான், அவர்கள் ஊர்ப் பழக்கம். அந்த மிஸ்டர், இந்த உடம்போடு நடுவில் ஓட முடியாது, இந்த மாதத்தின் கடைசி ஆட்டத்துக்குள் குறைத்துக் காட்டு என்று சொல்லிவிட்டாராம். பைக்குள் ஓடினால் நன்றாக வேர்த்து நிறை இறங்குமாம்.

"அக்கா, அண்ணையிடம் சொல்ல வேண்டாம். அவர் எனக்காக விடிய எழும்பி மீன் வாங்கப் போகிறார்."

போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். ஐந்து நாட்டில் பிறத்தியார் மேசையில் சாப்பிட்டவன். போதும் என்று சொல்லிப் பழக அவனுக்கு எங்கே இடம் கிடைத்தது? கோபம் போய்விட்டது. பாவமாக இருந்தது.

இவரின் முடிவு

அன்று பின்னேரமே இவரிடம் சொல்லிவிட்டேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ரகசியங்கள் மிகக் குறைவு.

இவர் குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் கையைக் கழுவிவிட்டுக் கதிரையில் இருந்தார். "என்ரை சாப்பாட்டாலையோ?" என்று மட்டும் கேட்டார். உரித்ததையும் உரிக்காததையும் சேர்த்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து மூடினார்.

இனிக் குறைத்துப் போடுங்கோ, அவ்வளவுதானே என்றேன். அது இவரால் முடியாது. விருந்தாளிக்குக் குறைத்துப் போட்டுவிட்டுத் தான் நிறையப் போட்டுச் சாப்பிட ஏலுமா? குறைத்துப் போட்டால், நான் வந்து இவரிடம் சொல்லிவிட்டேன் என்று அவனுக்கும் விளங்கிவிடும், வெட்கப்படுவான். இப்படியே சுற்றிச் சுற்றி நடந்தவர், சுவரில் தொங்கிய கோயில் கலண்டருக்கு முன்னால் போய் நின்றார்.

"திங்கட்கிழமை கந்தசட்டி தொடங்குது. நான் விரதம் பிடிக்கப் போறன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையும் ஒளித்து நண்டு தின்கிற மனிசன். முருகன் கோயிலுக்கு நான் இழுத்துக்கொண்டு போனால் வருவார், அன்னதானம் முடிந்ததும் திரும்புவார். ஆறு நாள் விரதம் இவர் வாழ்க்கையில் பிடித்ததில்லை.

"சிரியாதையும். வீட்டிலை விரதமெண்டா ஆருக்கும் நிறையப் போட ஏலாது. அவனுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நானும் பிடிக்கிறேன் என்றேன்.

ஆறு நாள்

அர்மிந்துவிடம் வீட்டில் கடவுளுக்கு விரதம் என்று சொன்னோம். அவனுடைய தாயும் ஈஸ்டருக்கு முன் விரதம் இருப்பாராம், விளங்கிக்கொண்டான். ஆனால் அதோடு விட்டானா? வீட்டுக்காரர் பட்டினி கிடக்கத் தான் சாப்பிடுவது மரியாதை இல்லை என்று அவனும் பாலும் பழமும் தொடங்கிவிட்டான். பயிற்சிக்குப் போகிறவன் அதோடு எப்படி ஓடுவான்? இந்த இரண்டு பேருடைய மரியாதையும் சேர்ந்து என்னைக் கொல்லப் போகிறது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவனைக் குசினியில் மறித்து வைத்து, மத்தியானம் கழகத்துச் சாப்பாட்டு அறையில் கோழியும் உருளைக்கிழங்கும் சாப்பிட வேண்டும், முருகன் குறை நினைக்கமாட்டார், நான் பொறுப்பு என்றேன். அக்காவின் சொல்லைத் தட்டவில்லை. இரவில் மட்டும் எங்களோடு ஒரு கிண்ணம் அவித்த பயறு.

இவருடைய பாடுதான் பார்க்க ஏலாது. பெற்றோல் ஸ்ரேசனில் சொக்லேட்டும் சிப்ஸும் அடுக்கி வைத்த தட்டுகளுக்கு நடுவில் நின்று வேலை. ஒருநாள் கல்லாவில் நின்றபடியே தலை சுற்றிக் கதிரையில் இருந்துவிட்டாராம். விடச் சொன்னேன். கடைசி நாள்வரை விடமாட்டேன் என்றார். இரண்டு பேரும் பசி முகத்தோடு மேசையில் எதிரெதிரே இருந்து பழைய ஆட்டங்களைக் கதைப்பார்கள். இவர் நெல்லியடியில் அடித்த கோலை அவன் சுவிஸ் பனியில் அடித்த கோலோடு ஒப்பிடுவார். அவனும் தலையை ஆட்டி ஒப்புக்கொள்வான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவன் வாசலில் வைத்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். தராசு இறங்கிவிட்டது. இவர் சாமி அறைக்குள் போய் வெகுநேரம் நின்றார்.

கடைசி ஆட்டம்

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் கழகத்தின் இரண்டாம் அணிக்கு ஆட்டம். விரதத்தின் ஆறாம் நாளும் அன்றுதான், விரதம் முடிக்கிற பாரணைச் சோறு அடுத்த நாள். நாங்கள் இருவரும் போய்க் கம்பி வேலிக்குப் பின்னால் நின்றோம். பார்க்க வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

எனக்கு உதைபந்து தெரியாது. ஆனால் முதல் பாதியில் அர்மிந்துவைப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. பந்து வருவதற்கு முன்பே அவன் திரும்பிப் பார்த்துவிடுவான். வந்ததும் ஒரு தட்டு, அது போக வேண்டிய காலுக்குப் போய்விடும். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர்கூட, யார் இவன் என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பொடியன் என்று இவர் இங்கிலீஷில் சொன்னார்.

இரண்டாம் பாதியில் கால் போகவில்லை. எதிர் அணியில் இருந்த ஒரு இளம்பொடியன் அவனைத் தாண்டித் தாண்டிப் போனான். ஒரு தரம் தாண்டியவனைப் பிடிக்க ஓடி, பாதியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். சற்று நேரத்தில் அவனை வெளியே எடுத்தார்கள். இவர் என் கையை விட்டுவிட்டார்.

தலை நனைந்தபடி வெளியே வந்தவன், மிஸ்டர் கைகொடுத்து அனுப்பிவிட்டார் என்றான்.

பாரணை

மறுநாள் நான் சமைத்தேன். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை, அப்பளம். இவர் தட்டுக்கு முன்னால் இருந்தார். ஆறு நாள் காய்ந்த வயிறு. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"நான்தான் அவன்ரை கடைசிச் சந்தர்ப்பத்தைச் சாப்பாடு போட்டே கெடுத்தனான். பிறகு பட்டினி போட்டும் கெடுத்தனான்."

என்னிடம் தமிழில்தான் சொன்னார். அண்ணை என்ன சொல்கிறார் என்று அர்மிந்து கேட்டான். நான் மறைக்காமல் சொன்னேன்.

அர்மிந்து கதிரையை இழுத்து இவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். "அண்ணை, ஸ்பெயினில் ஆள் கட்டை, உயரம் காணாது என்றார்கள். பிரான்ஸில் பாஷை தெரியாது என்றார்கள். சுவிஸில் வெளிநாட்டுக்காரர் கூடிப்போச்சு என்றார்கள். பெல்ஜியத்தில் கணுக்கால். ஏதாவது ஒன்று சொல்லத்தானே வேண்டும்? வயசு போய்விட்டது என்று முகத்துக்கு நேரே எவரும் சொல்வதில்லை. இங்கே உடம்பு என்றார்கள். முதல் கிழமையே வேறு ஒரு பொடியனை எடுத்துவிட்டார்கள். மிஸ்டர் நேற்று அவர் வாயாலேயே சொன்னார்."

"உண்மையோ?" என்று இவர் தமிழில் கேட்டார். அந்தச் சொல் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"உண்மை" என்றான்.

இவர் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு வாய் வைத்தார். பிறகு இன்னொரு வாய். அன்று நான் மூன்று தரம் சோறு போட்டேன். அர்மிந்துவும் சேர்ந்து சாப்பிட்டான்.

விக்டோரியாவில்

அவன் போனது ஒரு வேலைநாளில். இவருக்கு ஷிப்ட் மாற்ற முடியவில்லை. விடிய வீட்டு வாசலில் வைத்து இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். போர்த்துக்கல் போகிற கோச்சில் ஏற்றிவிட விக்டோரியாவுக்கு நான் போனேன்.

வழிமுழுக்க ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. தராசு முள் ஏறிக்கொண்டிருக்கும்போதும் போட்டதையெல்லாம் சாப்பிட்டு, நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொன்னவன். ஒருவர் மனம் நோகக்கூடாது என்று குப்பைப் பைக்குள் ஓடியவன். அப்படிப்பட்டவன் மேசையில் சொன்னதை நம்புவதா? எங்கள் சாப்பாடுதான் அவனைக் கவிழ்த்தது என்றால் அதை நானாவது தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

பையை ஏற்றிவிட்டு வந்தவனிடம் கேட்டேவிட்டேன். "மிஸ்டர் சொன்னதெண்டு அண்டைக்குச் சொன்னது மெய்தானோ?"

சாரதி கதவடியில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். படியில் ஒரு காலை வைத்தபிறகு திரும்பிக் கேட்டான்.

"அண்ணை இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாரா?"

"ஓம், சாப்பிடுறார்" என்றேன்.

"அப்படியென்றால் மெய்தான், அக்கா."